ஜெராக்ஸ் பலகைக்குப் பின்னால்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை போனால், பிரியாணிக்கும் பூட்டுக்கும் போட்டியாகக் கண்ணில் படுகிற பலகை ‘ஜெராக்ஸ்’. சாதிச் சான்றிதழ், பட்டா நகல், தேர்வு நுழைவுச்சீட்டு, ஆதார் என எதைக் காகிதத்தில் பார்க்க வேண்டுமென்றாலும் கால் அந்தப் பலகையைத்தான் தேடும். “ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்கிறவருக்கும், போட்டுக் கொடுக்கிறவருக்கும் அது ஓர் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் என்ற நினைப்பே இருக்காது. கடைக்குள் ஓடுகிற இயந்திரமும் பெரும்பாலும் வேறு நிறுவனத்துடையதாகத்தான் இருக்கும்.

ஆனாலும் அந்தப் பலகை தன்னையறியாமல் ஒரு வரலாற்றைச் சுமக்கிறது. மேசைக்கொன்றாக இருக்கும் கணினிகளை ஒரே கம்பியில் கோத்து, எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு லேசர் பிரிண்டரை வைக்கும் ஏற்பாடு உருவானது ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில்தான். இன்று வீட்டு வைஃபையில் ஒரு பிரிண்டரைப் பங்கிடும்போது நடப்பதெல்லாம் அதன் தொடர்ச்சி. நடக்காமல் போகும்போது நாம் படும் பாடும் அதன் தொடர்ச்சியே.

படும் பாடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஹாலில் ஒரு கம்ப்யூட்டர். அதோடு யுஎஸ்பி ஒயரில் ஒரு பிரிண்டர். மகள் தன் லேப்டாப்பில் புராஜெக்ட்டை முடித்து, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்து, அப்பா ஜிஎஸ்டி கணக்கை முடித்து எழுந்திருக்கும்வரை பின்னால் நிற்கிறாள். அம்மாவின் செல்போனில் இருக்கும் மின்கட்டண ரசீது மகளுக்கு வாட்ஸ்அப்பில் போய், அங்கிருந்து ஹால் கம்ப்யூட்டருக்கு வந்து, அப்புறம்தான் காகிதத்தில் இறங்குகிறது. பத்தடி தூரத்தில் இருக்கும் பிரிண்டருக்கு ஒரு பக்கம் போய்ச் சேர ஊரையே சுற்றுகிறது.

காம்பவுண்டு வீடுகளில் நாலு குடித்தனம் இருந்தாலும் ஆட்டுக்கல் ஒன்றுதான் இருந்தது. யாரும் நாள் முழுக்க மாவாட்டுவதில்லை என்பதால் அது போதுமாக இருந்தது. பிரிண்டரும் அந்த வகைதான். வீட்டில் அதிகம் சும்மா கிடக்கும் மின்சாதனங்களில் அதுவும் ஒன்று. ஆளுக்கொன்று வாங்குவதைவிட ஒன்றை எல்லாருக்கும் எட்டும்படி வைப்பதுதான் புத்தி.

பிரிண்டருக்காகப் போட்ட கம்பி

1960களின் கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டர் நகரில் ஜெராக்ஸ் பொறியாளர் கேரி ஸ்டார்க்வெதருக்கு ஒரு யோசனை தோன்றியது. நகல் இயந்திரத்தின் உருளை மீது மூலப் பக்கத்தின் பிம்பம் விழுவதற்குப் பதிலாக, கணினி சொல்கிறபடி லேசர் கதிரே புள்ளி புள்ளியாக எழுதினால் என்ன? மேலதிகாரிகளுக்கு அந்த யோசனை ருசிக்கவில்லை. 1971-ல் அவர் கலிஃபோர்னியாவில் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்துக்கு இடம் மாறினார். அங்கே அவர் உருவாக்கிய இயந்திரம் அங்குலத்துக்கு 500 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில், வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிட்டது.

பிரிண்டர் தயார். பக்கத்தை அதனிடம் கொண்டு சேர்ப்பதுதான் சிக்கல்.

இன்றைய அளவுகளை வைத்தே கணக்குப் போடலாம். ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 600 புள்ளிகளாகப் பிரித்தால், குறுக்கே 4,960, நெடுக்கே 7,016, மொத்தம் ஏறக்குறைய 3 கோடியே 48 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘கறுப்பா, வெள்ளையா’ என்று சொல்ல ஒரு பிட் வேண்டும். வினாடிக்கு 9,600 பிட் மட்டுமே கடத்தும் ஒரு கம்பியில் இதை அனுப்பினால், ஒரே ஒரு பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். வினாடிக்கு ஒரு பக்கம் அச்சிடும் இயந்திரத்தை வாசலில் வைத்துக்கொண்டு வழியில்லாமல் நிற்பது போன்ற நிலை அது.

அதே ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22 அன்று எழுதிய ஒரு குறிப்பில் ‘ஈதர்நெட்’ என்ற ஏற்பாட்டை முன்வைத்தார். டேவிட் பாக்ஸுடன் சேர்ந்து அதைக் கட்டியும் காட்டினார். அந்த முதல் ஈதர்நெட்டின் வேகம் வினாடிக்கு 29 லட்சத்து 40 ஆயிரம் பிட். மேலே சொன்ன ஒரு மணி நேர வேலை அதில் 12 வினாடியில் முடிந்துவிடும். ரவுட்டரின் முதுகில் நாம் செருகும் லேன் ஒயர் அந்த ஈதர்நெட்டின் வாரிசு. அதைப் பிறப்பித்த தேவைகளில் முக்கியமானது, ஒரு லேசர் பிரிண்டரை எல்லாரும் பயன்படுத்த வேண்டும் என்பது.

பங்கிடுவதற்கு விலையும் ஒரு காரணம். 1984-ல் எச்.பி.யின் முதல் லேசர்ஜெட் 3,495 டாலர். அடுத்த ஆண்டு வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் 6,995 டாலர். அந்த விலையில் ஒருவருக்கு ஒன்று என்ற பேச்சுக்கே இடமில்லை. பல மெக்கின்டாஷ் கணினிகள் ஒரே லேசர்ரைட்டரைப் பகிரும்படி ஆப்பிள் தன் வலையமைப்பை வடிவமைத்ததில் ஆச்சரியமில்லை.

முறை வரும்வரை நூல்கண்டு

பங்கிடுவதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். இப்போது யாருடைய முறை? பிரிண்டர் எங்கே இருக்கிறது? அது என்ன மொழி பேசும்? வீடுகளில் ஏற்படும் அத்தனை பிரிண்டர் சிக்கலையும் இந்த மூன்றில் ஒன்றில் அடக்கிவிடலாம்.

முதல் கேள்விக்கான விடை திண்டுக்கல்காரர்களுக்குப் புரிவது சுலபம். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் இழைத்த நூல் நேரே தறிக்கு ஓடுவதில்லை. கோனில் சுற்றி வைக்கப்படுகிறது. ஆலை ஒரு வேகம், தறி ஒரு வேகம். நடுவில் கோன் இருப்பதால் ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை. கணினியும் பிரிண்டரும் அப்படித்தான். கணினி நொடியில் பக்கத்தைத் தயாரித்துவிடும். பிரிண்டர் நிதானமாகத் தாளை இழுக்கும். நடுவில் பக்கங்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்குப் பெயர் ‘ஸ்பூலர்’. இந்தப் பெயருக்கு நீளமான ஆங்கில விரிவாக்கம் ஒன்று சொல்வார்கள். ஆனால் ஸ்பூல் என்றால் நூல் சுற்றும் கட்டை என்பதுதான் இயல்பான பொருள்.

கோனில் நூல் சிக்கினால் என்ன ஆகும்? பின்னால் வருவதெல்லாம் நிற்கும். பாதியில் அறுந்த ஒரு வேலை வரிசையின் தலையில் உட்கார்ந்துகொண்டால், அடுத்து யார் எத்தனை முறை பிரிண்ட் கொடுத்தாலும் ஒன்றும் வராது. பிறகு ஒருநாள் அடைப்பு நீங்கியதும் ஒரே ரசீது ஏழு தடவை வெளியே விழும். பிரிண்டரை அணைத்துப் போட்டால் மட்டும் இது தீராது. ஏனென்றால் வரிசை இருப்பது கணினியில். சிக்கிய வேலையை அந்த வரிசையிலிருந்து நீக்க வேண்டும், அல்லது ஸ்பூலரை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும்.

பழைய எண், புதிய எண்

இரண்டாவது கேள்வி முகவரி. தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எழுதியிருப்பது வாடிக்கை. வலையில் இருக்கும் பிரிண்டருக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே பதித்த 48 பிட் வன்பொருள் எண். அது சாதாரணமாக மாறாது. பிரிண்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். மற்றொன்று, ரவுட்டர் தருகிற ஐபி எண். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் இந்த எண்கள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். நாகல் நகரில் ஒரு வீட்டிலும் நியூயார்க்கில் ஒரு வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் வராது.

இந்த ஐபி எண் சொந்தம் இல்லை, வாடகை. ரவுட்டர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தும் நாளில்தான் பல வீடுகளில் பிரிண்டர் ‘கெட்டுப்போகிறது’. கரண்ட் திரும்பியதும் ரவுட்டர் விழிக்கிறது. யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியல், மலிவான பல ரவுட்டர்களுக்கு மறந்துபோயிருக்கும். முந்திக் கேட்கிற செல்போனுக்குப் பிரிண்டரின் பழைய எண் போய்விடும். பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். கணினியோ காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். சர்வீஸ்காரர் வந்து பிரிண்டரை நீக்கி மறுபடி சேர்த்துவிட்டுப் போவார். அடுத்த மாதம் அதே நாள், அதே கதை.

நிரந்தர மருந்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. பிரிண்டரின் வன்பொருள் எண்ணைக் கொடுத்து, ‘இவருக்கு எப்போதும் இந்த ஐபிதான்’ என்று பதிந்துவிட்டால், கரண்ட் எத்தனை முறை போய் வந்தாலும் முகவரி மாறாது. ஐந்து நிமிட வேலை.

செல்போன் பிரிண்டரைத் தேடும் விதம் வேறு. அதற்கு எண் தெரியாது. எனவே வலைக்குள் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறது. ‘இங்கே பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?’ என்ற அழைப்பு 224.0.0.251 என்ற பொது முகவரிக்குப் போகும். கேட்டுக்கொண்டிருக்கும் பிரிண்டர் தன் பெயரையும் எண்ணையும் சொல்லும். 2010 நவம்பரில் ஐபோனுக்கு வந்த ஏர்பிரிண்ட் இந்த முறையில்தான் பிரிண்டரைக் கண்டுபிடிக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களுக்கு இதே வசதியைப் பரப்ப 2013-ல் கேனன், எச்.பி., சாம்சங், ஜெராக்ஸ் நான்கும் சேர்ந்து மாப்ரியா என்ற கூட்டமைப்பைத் தொடங்கின.

ஆனால் அந்தச் சத்தம் ஒரு வலையின் எல்லைக்குள் மட்டுமே கேட்கும். இணைய நிறுவனம் தந்த மோடத்தில் ஒரு வைஃபை, மாடிக்கு சிக்னல் எட்டவில்லை என்று வாங்கி வைத்த இரண்டாவது ரவுட்டரில் இன்னொரு வைஃபை. இந்த இரண்டும் பல வீடுகளில் தனித்தனி வலைகளாக இயங்குகின்றன. மாடியில் இருக்கும் செல்போன் எவ்வளவு கத்தினாலும் கீழே இருக்கும் பிரிண்டருக்குக் கேட்காது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றினால் வீடு முழுக்க ஒரே வலையாகிவிடும். விருந்தினருக்கென்று கொடுக்கும் வைஃபை, செல்போனின் மொபைல் டேட்டா இரண்டிலிருந்தும் பிரிண்டர் தெரியாததற்கும் இதே காரணம்தான்.

டிரைவர் என்னும் மொழிபெயர்ப்பாளர்

மூன்றாவது கேள்விதான் தொல்லை பிடித்தது. எச்.பி. லேசர்ஜெட் 1020 என்ற சிறிய பிரிண்டரைத் தமிழ்நாட்டில் பார்க்காத டிடிபி கடைக்காரர் இருக்க மாட்டார். உழைப்பதில் மாடு. ஆனால் லேன் துளையும் கிடையாது, வைஃபையும் கிடையாது. அதன் நினைவகம் 2 மெகாபைட். நாம் மேலே கணக்கிட்ட ஒரு முழுப் பக்கம் 4.35 மெகாபைட். எனவே பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி, சுருக்கி, ஊட்டிவிடும் வேலை முழுவதையும் கணினியே செய்கிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் பிரிண்டர் இயங்குவதற்கான அடிப்படை நிரலையே கணினிதான் அனுப்ப வேண்டும். அந்த மாதிரிக்கென எழுதிய டிரைவர் மென்பொருள் இல்லாமல் அதனிடம் ஒரு வார்த்தை பேச முடியாது.

இப்படிப்பட்ட பிரிண்டரைப் பங்கிட வேண்டுமானால், ஒயர் செருகியிருக்கும் கணினி தரகராக நிற்க வேண்டும். விண்டோஸில் பிரிண்டரின் பண்புகளில் ‘ஷேரிங்’ பக்கத்தில் ஒரு டிக். வைஃபையைப் ‘பப்ளிக்’ என்பதிலிருந்து ‘பிரைவேட்’ என்று மாற்றுதல். இரண்டும் ஆனால் மற்றக் கணினிகள் அதைக் காணும். இதில் பெரிய குறை ஒன்று உண்டு: தரகர் தூங்கினால் கடை மூடிவிடும். ஹால் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால், பிரிண்டரில் விளக்கு எரிந்தாலும் பயனில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கடிதத்தைக் கோப்பாகக் கடைக்கு அனுப்பினால், அந்த எழுத்துரு அங்கே இல்லாத பட்சத்தில் ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாகக் கொட்டும். பகிர்ந்த பிரிண்டருக்குப் பிரிண்ட் கொடுக்கும்போது கோப்பு போவதில்லை. வழக்கமான அமைப்பில், எழுதிய கணினியிலேயே பக்கம் வரைந்து முடிக்கப்பட்டு, அந்த வரைவுதான் வலையில் போகிறது. ஹால் கம்ப்யூட்டரில் பாமினி இல்லாவிட்டாலும் கடிதம் தமிழாகவே வரும். பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பினால் கடையிலும் தப்பிக்கலாம். அது எழுத்துருவையும் தன்னோடு கட்டி எடுத்துப் போகும்.

ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு டிரைவர் என்ற இந்தத் தொல்லை ஒழிய வழிசெய்தது, 1999-ல் வந்த ‘ஐபிபி’ என்ற இணைய அச்சு நெறிமுறை. இப்போது விற்கும் வைஃபை பிரிண்டர்களில் பெரும்பாலானவை அதைப் பேசும். மாதிரிக்கு மாதிரி நிறுவனங்கள் தரும் டிரைவர்களைத் தன் அப்டேட் வழியே வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்ததும் இதனால்தான். புதிது வாங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. 1020 வைத்திருப்பவர்கள் என்ன செய்வது?

காகிதம் சிக்கிய ஒரு மதியம்

விடை இன்னொரு ஜெராக்ஸ் பிரிண்டரின் கதையில் இருக்கிறது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் ஒரு லேசர் பிரிண்டரைக் கொடுத்தது. பிரிண்ட் கொடுக்கிறவர்கள் ஒரு மாடியில், பிரிண்டர் வேறு மாடியில். இறங்கிப் போய்ப் பார்த்தால் காகிதம் சிக்கி, யார் யாருடைய வேலையோ பாதியில் நிற்கும். அதற்கு முன்பிருந்த பிரிண்டரிலும் இதே கோளாறு இருந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் அதன் மென்பொருளைத் திருத்தி, காகிதம் சிக்கியதும் காத்திருப்பவர்கள் அனைவருக்கும் தகவல் போகும்படி செய்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்யலாம் என்று அதன் மூல நிரலைக் கேட்டார். கிடைக்கவில்லை. வெளியே தருவதில்லை என்ற ஒப்பந்தத்தில் அது பூட்டப்பட்டிருந்தது.

தான் பயன்படுத்தும் இயந்திரத்தைத் தானே சரிசெய்ய முடியாமல் போன அந்தக் கோபத்தை ஸ்டால்மன் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளுக்காக 1983 செப்டம்பர் 27 அன்று அவர் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் வெளிவந்த லினஸ் டோர்வால்ட்ஸின் லினக்ஸ் பின்னர் அதோடு சேர்ந்தது. 1999-ல் மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய ‘கப்ஸ்’ என்ற அச்சு மென்பொருள் வந்தது. லினக்ஸ் கணினிகளில் பிரிண்டர் வரிசையைக் காப்பது அதுதான். ஆப்பிளின் மேக் கணினிகளிலும் 2002 முதல் அதுவே. சென்னை சிடாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கான வசதிகளோடு ‘பாஸ்’ லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் தரத் தொடங்கியபோது, விண்டோஸ் 7-ஓடு இந்த பாஸ் லினக்ஸும் அதில் ஏற்றப்பட்டிருந்தது. திண்டுக்கல் சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அது அப்படி வந்து சேர்ந்தது. பகிர்ந்த பிரிண்டர் ஒன்றில் தொடங்கிய சண்டையின் விளைவுதான் அது என்று அன்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. எனவே அதை இணையத்தில் விட்டுவைப்பது ஆபத்து. ஆனால் பழைய இயந்திரத்துக்கேற்ற இலகுவான லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் அது நல்ல பிரிண்டர் தரகராகும். 1020-க்குத் தன்னார்வலர்கள் எழுதிய லினக்ஸ் டிரைவர் உண்டு. யுஎஸ்பி ஒயரைச் செருகி, கப்ஸ் பக்கத்தில் பிரிண்டரைச் சேர்த்து, பகிர்வதற்கு அனுமதி கொடுத்தால் போதும். வைஃபையே இல்லாத பிரிண்டர் வீட்டின் செல்போன்களில் எல்லாம் தலைகாட்டும். சும்மா ஓடும் லேப்டாப் 15 வாட் எடுக்கிறது என்று வைத்தால், 24 மணி நேரத்துக்கு ஆவது 0.36 யூனிட். லேப்டாப்பையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் போடலாம். லேசர் பிரிண்டரை மட்டும் போடக்கூடாது. மைப்பொடியை உருக்கும் அதன் சூட்டு உருளை ஒரே இழுப்பில் நூற்றுக்கணக்கான வாட் கேட்கும்.

கதவைத் தெருவுக்குத் திறக்காமல்

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2018 நவம்பரில் உலகின் பல மூலைகளில் பிரிண்டர்கள் யாரும் கேட்காமலே ஒரு யூடியூபருக்கு ஆதரவு கேட்டு விளம்பரத் தாள்களைத் துப்பின. இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த 9100 என்ற போர்ட் வழியே புகுந்து அனுப்பியவர், 50,000 பிரிண்டர்களுக்கு அனுப்பியதாகத் தானே சொல்லிக்கொண்டார். 2021 ஜூலையில் விண்டோஸ் ஸ்பூலரிலேயே ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற பெரிய ஓட்டை வெளிப்பட்டு, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7-க்குக்கூட மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அதையொட்டிப் பகிர்வு விதிகள் இறுகின. நன்றாக ஓடிக்கொண்டிருந்த பகிர்ந்த பிரிண்டர்கள் ‘11பி’ என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றது அந்த ஆண்டு செப்டம்பரில்தான். அப்போது யூடியூபைப் பார்த்து விண்டோஸ் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) கைவைத்துப் பாதுகாப்பைத் தளர்த்தியவர்கள் பலர். அதைவிட, எல்லாக் கணினிகளிலும் விண்டோஸையும் டிரைவரையும் புதுப்பிப்பதே சரியான வழி. வெளியூரிலிருந்து பிரிண்ட் கொடுக்க வேண்டும் என்று ரவுட்டரில் பிரிண்டருக்கு இணைய வாசல் திறந்து விடுவது வேண்டவே வேண்டாம்.

எனவே அடுத்த பராமரிப்பு நாளில் கரண்ட் வந்ததும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்று சொன்னால், சர்வீஸ்காரருக்குப் போன் போடும் முன் பிரிண்டரின் ஐபி எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வரிசையில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரை அதற்கப்புறம் சந்தேகப்படலாம். அப்படியே, பரணில் அந்த அரசு லேப்டாப் கிடந்தால் இறக்கித் தூசி தட்டுங்கள். லினக்ஸுக்குக் காசு கிடையாது, கப்ஸுக்கும் கிடையாது. தேவைப்படும் யுஎஸ்பி ஒயர் ஏற்கெனவே பிரிண்டரின் முதுகில் தொங்குகிறது.